லயத்துக்கு வந்த தையல் இயந்திரம்



இன்றைய பேச்சில் ஓர் இயந்திரத்தின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். இயந்திரம் என்றதும் விண்வெளிக் கப்பலையோ கணினியையோ எண்ணிவிட வேண்டாம். தோட்டத்து லயத்தில், அஞ்சடியின் ஓரமாக, வெளிச்சம் விழும் இடம் பார்த்து, மேலே பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்திருந்தார்களே, அந்தத் தையல் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். நம்மில் பலர் அதன் பலகைமேல் புத்தகத்தை விரித்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினோம். சின்னக் குழந்தைகள் அதன் மிதியில் உட்கார்ந்து ஆடி, அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார்கள்.

பெண்களுக்குக் கல்வியிலும் வருமானத்திலும் வீட்டிலும் ஒரு பிடிமானம் கிடைக்க எந்தக் கண்டுபிடிப்பு உதவியது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். என் விடை இதுதான். இதற்கு மின்சாரம் வேண்டாம், எண்ணெய் ஊற்றும் என்ஜின் வேண்டாம். காலால் மிதித்தால் ஓடும். மின்விளக்கு வராத லயங்களுக்குள்ளும் இது வந்து சேர்ந்ததற்கு முதற்காரணம் அதுவே.

ஆனால் இது வந்த வழி நேரான வழியன்று. சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்வரை உலகத்தில் தைக்கப்பட்ட துணி அத்தனையும் கையால் தைக்கப்பட்டதே. கப்பற்பாய் முதல் கைக்குழந்தையின் சட்டை வரை ஒவ்வொரு தையலும் ஒரு மனிதக் கை இழுத்த தையல். அதிலும் பெரும்பகுதி பெண்ணின் கை. இங்கிலாந்தில் நூற்பு ஆலைகளும் நெசவாலைகளும் வந்து துணி மலைபோலக் குவிந்தது. துணி குவிந்ததே தவிர, அதைத் தைக்க இயந்திரம் இல்லை. ஆகவே லண்டன் நகரத்து இருட்டறைகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு பகலாகச் சட்டை தைத்தார்கள். ஒரு சட்டைக்குக் கிடைத்த கூலி ஒரு வேளை ரொட்டிக்குப் பற்றாது. தாமஸ் ஹூட் என்ற கவிஞர் 1843ஆம் ஆண்டில் அந்தப் பெண்களின் நிலையைப் பாடினார். அந்தப் பாட்டு ஒரு நகைச்சுவைப் பத்திரிகையில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. உலுக்கியது உண்மை, கூலி உயர்ந்துவிடவில்லை.

இயந்திரம் செய்யும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரான்சு நாட்டில் பார்தெலமி திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் 1830இல் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் ஏறத்தாழ 80 இயந்திரங்களை நிறுத்திப் போர்வீரர்களுக்குச் சீருடை தைக்கத் தொடங்கினார். மற்றத் தையற்காரர்கள் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சினார்கள். 1831இல் கூட்டமாக உள்ளே புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே கடைசிவரை வறுமையிலேயே இருந்து 1857இல் இறந்தார். அடித்தவர்களை முரடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு புதிய இயந்திரம் வரும்போது அது யாருடைய கையில் இருக்கும், யாருடைய கூலியைத் தின்னும் என்ற கேள்வி நியாயமான கேள்வி. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியாததல்ல.

அதே காலத்தில் அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பவர் நியூயார்க்கில் ஒரு தையல் இயந்திரம் செய்து பார்த்தார். அதை வைத்துத் தொழில் தொடங்கும்படி தம் மகளிடம் சொன்னாராம். தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் சோற்றில் மண் விழுமே என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாளாம். ஹண்ட்டும் காப்புரிமை கேட்காமல் விட்டுவிட்டார். அவருடைய வேறொரு பொருள் மட்டும் நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. தாலிக்கொடியிலோ வளையலிலோ மாட்டி வைத்திருப்பார்களே, அந்த ஊக்கு! 1849இல் ஹண்ட் அதைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

இப்போது எலியாஸ் ஹோ என்பவரிடம் வருவோம். இவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். பிறவியிலேயே கால் சற்று ஊனம். இயந்திரப் பட்டறையில் வேலை. உடம்பு முடியாமல் படுத்தபோது மனைவி எலிசபெத் அக்கம்பக்கத்தாரின் துணிகளை வாங்கித் தைத்துக் குடும்பத்தைத் தாங்கினாள். பகல் முழுவதும் பிள்ளைகள், சமையல், இரவில் ஊசி. படுத்தபடி ஹோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை செய்வதை இரும்பு செய்ய முடியாதா என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது என்பார்கள்.

முதலில் கையின் அசைவையே இரும்பில் கொண்டுவரப் பார்த்தார், முடியவில்லை. வெற்றிக்குக் காரணமான மாற்றம் சிறியது. கையூசியைப் பாருங்கள்: கூர் ஒரு முனையில், காது மறுமுனையில். இயந்திர ஊசியைப் பாருங்கள்: காது கூரின் பக்கத்திலேயே இருக்கும். நூலோடு ஊசி துணிக்குள் இறங்கும். முழுவதும் வெளியே போகாது. உடனே மேலே திரும்பும். திரும்பும்போது கீழே நூல் ஒரு சிறு வளையமாக நிற்கும். அந்த வளையத்தின் ஊடே, தறியில் நாடா ஓடுவதுபோல, கீழ்நூலைச் சுமந்த ஒரு சிறு நாடா ஓடும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் அவிழ்ந்துவிடாது. நாம் பாபினில் நூல் சுற்றிக் கீழே போடுகிறோமே, அதன் தத்துவம் இவ்வளவுதான்.

1845இல் ஹோ பாஸ்டன் நகரில் ஒரு போட்டி வைத்தார். கை தேர்ந்த ஐந்து பெண்கள் ஒரு பக்கம், இயந்திரத்தோடு அவர் ஒரு பக்கம். நிமிடத்துக்கு 250 தையல் என்று இயந்திரம் ஓடியது, பெண்கள் தோற்றார்கள். 1846இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வாங்க ஆளில்லை. இங்கிலாந்துக்குப் போனார், அங்கே அவரை ஏமாற்றமே எதிர்கொண்டது. கையில் காசில்லாமல் ஊர் திரும்பியபோது எலிசபெத் மரணப்படுக்கையில் இருந்தாள். பின்னாளில் ஹோ வழக்காடி வென்று பெரும் பணக்காரர் ஆனார். எந்தப் பெண்ணின் கையைப் பார்த்து அந்த இயந்திரம் பிறந்ததோ, அவள் அதன் பயனை ஒரு நாளும் காணவில்லை.

ஹோ ஊரில் இல்லாத காலத்தில் பிறர் இயந்திரத்தைத் திருத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஐசக் சிங்கர். நாடக நடிகராக ஊர் ஊராக அலைந்தவர். 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் பழுதுபார்க்க வந்த தையல் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, சில நாட்களிலேயே மேலான ஒன்றைச் செய்தார். ஊசி நேர்க்குத்தாக மேலும் கீழும் இயங்கியது. துணியை அழுத்திப் பிடிக்க ஒரு பாதம் வைத்தார். காலால் மிதிக்கும் அமைப்பையும் சேர்த்தார். இரண்டு கையும் துணியைப் பிடிக்க ஓய்வாகிவிட்டன. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

இங்கே ஒரு செய்தி. இயந்திரங்களை எதிர்த்தவர் என்று பெயர் பெற்ற மகாத்மா காந்தியடிகள், 1924இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி தைத்துத் துன்பப்படுவதைக் கண்டு, அவள்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகள் கேட்டறிந்த கதை. உண்மையில் அந்தக் கதை ஹோவுக்குத்தான் பொருந்தும். சிங்கர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வைத்திருந்தவர். பணத்துக்காகவே இதில் இறங்கியவர். ஆனாலும் காந்தியடிகள் சொல்ல வந்த கருத்தில் பிழையில்லை. ஒரு தனி மனிதரின் உழைப்பைக் குறைத்து, அவர் கையிலேயே தங்கும் கருவி வேறு. ஆயிரம் பேரைத் தனக்கு அடிமையாக்கும் ஆலை வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். தையல் இயந்திரம் இரண்டு வேடமும் போட்டது.

முதல் தடை விலை. ஓர் இயந்திரம் நூறு டாலருக்கு மேல் விற்றது. சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டாலர்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிராமத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்கலாம் என்றுகூடப் பத்திரிகைகள் யோசனை சொல்லின. சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் ஒரு வழக்கறிஞர். 1856இல் அவர் ஒரு வழி கண்டார்: சிறு தொகையைக் கட்டி இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போ, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு, கட்டி முடித்தால் உன்னுடையது. ஒரே ஆண்டில் விற்பனை ஏறக்குறைய மூன்று மடங்கானது. இன்று உலகம் முழுவதும் மோட்டார் சைக்கிள் முதல் குளிர்ப்பெட்டி வரை தவணையில் வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் இந்தத் தையல் இயந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பெண்களுக்கு இயந்திரம் ஓடாது, அவர்களுக்கு அது புரியாது என்று அக்காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை முறியடிக்க நிறுவனத்தார் கடைச் சன்னலில் இளம் பெண்களை உட்காரவைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கத் தைக்கச் சொன்னார்கள். பேச்சு தானாக அடங்கியது.

எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று? வீலர் அண்டு வில்சன் என்ற நிறுவனம் 1861இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். இயந்திரத்தில் 1 மணி 16 நிமிடம். பெண்ணின் சீட்டிக் கவுன் ஒன்றுக்குக் கையால் 6 மணி 37 நிமிடம். இயந்திரத்தில் 57 நிமிடம். விற்கிறவன் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். தள்ளினாலும் வித்தியாசம் பெரிது.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. ஓரளவு துணியிலேயே போயிற்று; உடுப்புகளில் மடிப்பும் கொசுவமும் கூடின. ஓரளவு முதலாளியிடம் போயிற்று. விரைவாகத் தைக்க முடிகிறது என்றதும் ஒரு துண்டுக்குக் கொடுத்த கூலியைக் குறைத்தார்கள். இயந்திரம் வீட்டில் இருந்தபோது பெண்ணுக்குத் துணை. பட்டறையில் வரிசையாக நின்றபோது அவளுக்கு மேஸ்திரி.

இதற்கு 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் ஒரே வாரத்தைச் சான்றாகச் சொல்வேன்.

ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் நிறுவனத்தின் மாபெரும் தொழிற்சாலை இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். இயந்திரத்தின் மரப்பெட்டியை மெருகேற்றும் பிரிவில் இருந்தவர்கள் பெண்கள். ஆள் குறைத்து, மூன்று பேர் வேலையை மற்றப் பன்னிரண்டு பேர் தலையில் ஏற்றினார்கள். மார்ச்சு 21ஆம் நாள் அந்தப் பன்னிரண்டு பெண்களும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பின்னாலேயே ஏறத்தாழத் தொழிற்சாலை முழுவதும் வெளியே வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் போராட்டம் முறிந்தது. முன்னின்ற நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

அது தொடங்கிய நாலாம் நாள், மார்ச்சு 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை, ஓர் உயர்ந்த கட்டடத்தின் 8, 9, 10ஆம் மாடிகளில் இருந்தது. தையல் இயந்திரங்களின் இடுக்கில் நூற்றுக்கணக்கான பெண்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிப் போய்விடுவார்கள் என்ற சந்தேகத்தில் அப்படிப் பூட்டுவது அங்கே வழக்கம். 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். பலர் சன்னலிலிருந்து குதித்துத் தெருவில் விழுந்து இறந்தார்கள்.

அதற்கு முன், 1909 நவம்பரில், கிளாரா லெம்லிக் என்ற இளம் தையற்காரி ஒரு பெரிய கூட்டத்தில் எழுந்து வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்திருந்தாள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், குளிரில் தெருவில் நின்றார்கள். தைக்கும் ஊசிக்கும் இயந்திரம் ஓடும் மின்சாரத்துக்கும்கூடச் சில முதலாளிகள் அவர்கள் கூலியில் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பல தொழிற்சாலைகள் இறங்கி வந்தன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவில்லை. தீயில் பெண்கள் விழுந்ததைத் தெருவிலிருந்து பார்த்தவர்களில் ஃபிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். பின்னர்த் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைத்தார். 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்று, அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார்.

இனி நம் மலாயாவுக்கு வருவோம்.

சஞ்சிக்கூலியாகவும் கங்காணி அழைத்துவந்த கூலியாகவும் நம் முன்னோர் வந்த காலத்தில், பெண்களும் ஆண்களுக்குச் சமமாக மரம் வெட்டினார்கள்; புல் வெட்டினார்கள். கூலி மட்டும் சமமில்லை. 1920களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளருக்கென்று வகுத்த நிலையான கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே வெயில், ஒரே மரம், ஒரே உளி. பத்துக் காசு குறைவு. அந்த 40 காசும் பெரும்பாலும் அவள் கையில் தங்கவில்லை. சம்பள நாளில் கடைக் கணக்கு, சீட்டு, கள்ளுக்கடை என்று மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பலர்.

இந்த நிலையில்தான் இயந்திரம் லயத்துக்குள் வந்தது. எல்லா வீட்டுக்கும் அல்ல. முதலில் கிராணியார் வீட்டுக்கும் தண்டல் வீட்டுக்கும் வந்தது. பிறகு, குறிப்பாகப் போருக்குப் பின், துணிந்து தவணை கட்டிய சில தொழிலாளர் வீடுகளுக்கும் வந்தது. நான் வளர்ந்த தோட்டத்தில் எங்கள் லயத்தில் மொத்தம் இரண்டு. ஒன்று பக்கத்து வீட்டு அத்தையுடையது. சொந்த அத்தை அல்ல. லயத்தில் எல்லாரும் அத்தைதான்.

அத்தை விடியுமுன் பெரட்டுக்குப் போவாள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிடும். குளித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிசினில் உட்காருவாள். ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை. தீபாவளிக்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் விளக்கை மிசின் தலைமேல் தொங்கவிட்டு நள்ளிரவு வரை மிதிப்பாள். அந்தக் கடகடச் சத்தத்தில் நாங்கள் தூங்கிப் பழகியிருந்தோம்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் அளவு எழுதாமல் தைக்க முடியுமா? தோள், மார்பு, இடுப்பு, கைநீளம் என்று ஓர் ஆளுக்கு ஐந்தாறு எண்; யாருடைய துணி எது என்று பெயர்; யார் எவ்வளவு பாக்கி என்று கணக்கு. முதலில் பிள்ளைகளை எழுதச் சொன்னாள். நான்கூட எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிறகு நாங்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எண்களைக் கற்றாள். அடுத்துப் பெயர்களின் முதல் எழுத்தைக் கற்றாள். இரண்டு மூன்று ஆண்டில் அந்தச் சிவப்பு அட்டை நோட்டை அவளே எழுதினாள். முதியோர் கல்வி வகுப்புக்கு நேரமில்லாத ஒரு பெண்ணுக்கு அளவு நாடாவும் பாக்கிக் கணக்கும் பள்ளிக்கூடம் ஆயின.

அந்த நோட்டுக்குப் பிறகு வீட்டில் நடந்த ஒரு மாறுதலையும் பார்த்தேன். தோட்டச் சம்பளத்தை மாமாதான் வாங்கி வருவார். தையற்காசு அத்தையிடமே வரும். மூத்த மகளைத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்காட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மாமா சொன்னபோது, பஸ் காசை நான் கட்டுகிறேன் என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மாமா கெட்டவர் அல்லர். கையில் வழியில்லாதவன் பேசுகிற பேச்சை அவர் பேசினார். கையில் காசு இருந்தவள் வேறு பேச்சுப் பேசினாள். அந்தப் பெண் பட்டணத்துப் பள்ளிக்குப் போய் ஐந்தாம் படிவம் முடித்தாள்.

மற்றொரு இயந்திரத்தின் கதை இப்படி முடியவில்லை. அது லயத்தின் கடைசி வீட்டில் இருந்தது. தவணைக்காரர் மாதாமாதம் சம்பள நாளன்று சைக்கிளில் வருவார். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் உங்களுக்குத் தெரியும். பால் குறையும், சம்பளமும் குறையும். அந்த ஆண்டு மழையும் சேர்ந்துகொண்டது. மூன்று மாதத் தவணை நின்றது. முக்கால்வாசிக்கு மேல் கட்டியிருந்தார்கள். ஒருநாள் வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி மிசினைத் தூக்கிப் போனார்கள். பாதி தைத்த பாவாடை ஊசியோடு சேர்ந்து இழுபட்டது. அந்த அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துணியை மட்டும் வாங்கிக்கொண்டாள். கட்டிய பணம் போனது போனதுதான்.

1967இல் மலேசியாவில் தவணைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் வரும் பொருளை, எழுத்து மூலம் முன்னறிவிப்புக் கொடுக்காமல் இப்படித் தூக்கிப் போகக் கூடாது. கிளார்க் என்ற வழக்கறிஞர் தவணை முறையைப் புகுத்தி நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அது. எங்கள் லயத்து அக்காவுக்குச் சில ஆண்டு தாமதம்.

பிறகு 1970கள் வந்தன. 1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழத் தொடங்கின. இன்டெல் நிறுவனம் அந்த ஆண்டிலேயே வந்தது. அவர்களுக்கு வேண்டியவர்கள் இளம் பெண்கள். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறினார்கள். நுண்பெருக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிறு தகட்டோடு இணைப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. அத்தையின் மகளும் அப்படி ஒரு வேலைக்குப் போனாள். அம்மா துணியைத் தைக்கிறாள், நான் கம்பியைத் தைக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள். மூன்று நேர மாற்று வேலை, கண்வலி, விடுதி வாழ்க்கை. தோட்டத்தில் கிடைக்காத மாதச் சம்பளமும் அதனோடு சேர்ந்து வந்தது. அவள் அனுப்பிய பணத்தில் தம்பிகள் படித்தார்கள். இயந்திரத்தின் இரண்டு வேடம் என்றேனே, இங்கேயும் அதுவே.

ஆயத்த உடைகள் மலிந்த பிறகு லயத்துத் தையலுக்கு வேலை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. லயத்தைக் காலி செய்தபோது அத்தை கட்டிலை விட்டுவிட்டு மிசினை லாரியில் ஏற்றினாள். இரும்புக் கால் கனம். நாலு பேர் தூக்கினார்கள். அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிக்குப் போன பிறகும் கீழே வீட்டுப் பெண்கள் சத்தம் கேட்கிறது என்று முறையிடும் வரை இரவில் மிதித்தாளாம்.

கிளைட்பேங்க் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். கட்டடங்களையும் இடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய ரயில் நிலையம் ஒன்று இன்றும் இருக்கிறது. ரயில் நிற்கிறது; பயணிகள் ஏறி இறங்குகிறார்கள். அந்த நிலையத்தின் பெயர் சிங்கர்.